மைக்கேல் சாட்லர் சரித்திரம்: கொங்குச் சபைகளில் கதாகாலட்சேபமாகச் சொல்லும் முறை

விசுவாசித்தவருக்கே ஞானஸ்நானம் என்ற அனபாப்டிஸ்டு இயக்கத்தின் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவரான மைக்கேல் சாட்லர் தலைமையில் ஷ்லைட்ஹைம் என்ற சுவிஸ் சிற்றூரில் ஏழு தீர்மானங்கள் எழுதப்பட்ட நாள் 1527 பிப்ரவரி 24. ரோட்டன்பர்க் நகரில் அவர் எரிக்கப்பட்ட நாள் அதே ஆண்டு மே 20. 2027இல் இரண்டுக்கும் 500 ஆண்டு நிறைகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்துச் சபைகளில் அந்த ஆண்டு ஒரு மாலையை இதற்கென ஒதுக்க நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. மே 20 வியாழக்கிழமை வருகிறது. பள்ளி விடுமுறை, விடுமுறை வேதாகமப் பள்ளி முடியும் சமயம் என்பதால் ஆள் சேர்ப்பது எளிது.

பிரசங்கத்துக்குள் வைத்தால் இருபது நிமிடத்தில் ஓடிவிடும்; பெயர்கள் மட்டும்தான் மிஞ்சும். நாடகமாகப் போட இருபது பேர் வேண்டும். ஒட்டுத் தாடியும் அங்கியும் வந்தாலே பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். கதாகாலட்சேபம்தான் பொருத்தம். பொன்னர் சங்கர் கதையை உடுக்கையடித்துப் பாடக் கேட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த நாடு இது. ஒருவர் பாடிச் சொல்வதும், பக்கத்தில் இருப்பவர் பின்பாட்டோடு "ஆமாங்க" போடுவதும் இங்கே யாருக்கும் புதிதல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழியில் தமிழ்ச் சபைகளும் இந்த முறைக்குப் பழகியவைதாம்.

எழுத உட்காரும் முன்பே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும்: மாலையின் பாரம் எங்கே விழுகிறது? சித்திரவதையில் விழுந்தால் நிகழ்ச்சி கெட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டன்பர்க் தீர்ப்பு அவ்வளவு கொடூரமானது. கதை சொல்பவருக்கு அதை நீட்டிச் சொல்லும் ஆசை வரும். கூட்டமும் அழும். மறுநாள் கேட்டால், "பாவம், ஒருத்தரைக் கொன்னுட்டாங்க" என்பதற்கு மேல் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. அவர் எதற்காகக் கொல்லப்பட்டார், என்ன பதில் சொன்னார் என்பது போய்விடும். ஆகவே பாரம் விசாரணையில் விழ வேண்டும். இருபது நிமிடம் அதற்கு. மரணத்துக்கு நான்கு நிமிடம் போதும்.

கதை சொல்பவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய சரித்திரம்

சாட்லர் 1490 வாக்கில் ஜெர்மனியின் பிரைஸ்காவ் வட்டாரத்து ஸ்டாஃபன் ஊரில் பிறந்தார். கறுங்காட்டில் இருந்த தூய பேதுரு பெனடிக்டின் மடத்தில் துறவியானார். மடாதிபதிக்கு அடுத்த பொறுப்பான பிரையர் வரை உயர்ந்தார் என்பது பொதுவாக ஏற்கப்படும் செய்தி. 1525இல் ஜெர்மானியக் குடியானவர்கள் வரிக்கும் தசமபாகத்துக்கும் அடிமைத்தனத்துக்கும் எதிராகக் கிளர்ந்தார்கள். தங்கள் போதகரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையையும் கேட்டார்கள். அந்த மே மாதம் கறுங்காட்டுக் குடியானவர் படை அந்த மடத்தைக் கைப்பற்றியது. அந்தக் காலத்தையொட்டியே சாட்லர் மடத்தைவிட்டு வெளியேறினார். மார்கரேத்தாவை மணந்தார், அவர் பெகீன் என்ற பெண்கள் சமூகத்தில் இருந்தவர் என்று மரபு சொல்கிறது.

1525 ஜனவரி 21 அன்று சூரிச்சில் ஃபெலிக்ஸ் மான்ஸ் வீட்டில் கான்ராட் கிரேபல், ஜார்ஜ் பிளாவ்ரோக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் போதாது, விசுவாசித்தவனே பெற வேண்டும் என்ற இயக்கம் அன்று பிறந்தது. அனபாப்டிஸ்டுகள், அதாவது மறுஞானஸ்நானக்காரர் என்பது எதிரிகள் வைத்த பெயர். அந்த இரவில் சாட்லர் அங்கே இல்லை. கதை சுவையாக இருக்கும் என்று அவரை அந்த வீட்டுக்குள் கொண்டுபோய் உட்கார வைக்காதீர்கள். பலர் செய்யும் பிழை இது.

1525 நவம்பர் 18 அன்று சூரிச் நகரம் அவரை வெளியேற்றியது. இனி திரும்புவதில்லை என்று ஆணையிட்டுக் கொடுத்துவிட்டே போனார். பின்னாளில் "ஆணையிடவே கூடாது" என்று எழுதிய மனிதர் அன்று ஆணையிட்டார் என்பதை மறைக்க வேண்டாம். ஒன்றரை வருடத்துக்குள் ஒரு மனிதர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்பதை அது ஒன்றே காட்டிவிடும். 1526இல் சூரிச்சுக்கு வடக்கே ஓபர்கிளாட் பக்கம் நெசவு கற்றுக்கொண்டு தங்கினார். கோடையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார். அந்த ஆண்டின் முடிவில் ஸ்ட்ராஸ்பூர்க் சென்று சீர்திருத்தப் போதகர்களான மார்ட்டின் பூட்சர், வொல்ஃப்காங் காப்பிட்டோ இருவரோடும் பேசினார். ஒத்துப்போகவில்லை. ஆனாலும் சண்டை போடாமல், ஏன் பிரிந்து போகிறேன் என்று இருபது குறிப்புகளாக எழுதி வைத்துவிட்டு விடைபெற்றார்.

பிறகு ஷ்லைட்ஹைம். அதன்பின் சில வாரங்களில் நெக்கர் நதிக்கரை ஹோர்ப் நகரில் மனைவியோடும் தோழர்களோடும் கைதானார். தீர்மானத்தாள்கள் கையிலேயே அகப்பட்டன. பின்ஸ்டார்ஃப் கோபுரத்தில் அடைத்தார்கள். அங்கிருந்து ஹோர்ப் சபைக்குக் கடிதம் எழுதினார். மே மாதம் ரோட்டன்பர்க்கில் விசாரணை. 18ஆம் தேதி தீர்ப்பு. 20ஆம் தேதி மரணம். சில பதிவுகளில் 21 என்று இருக்கும். அழைப்பிதழில் 20 என்றே அச்சிடுங்கள். யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

ஆட்கள், நேரம், பிரதி

நான்கு பேர். கதை சொல்பவர் ஒருவர், பின்பாட்டுக்காரர் ஒருவர், ஆர்மோனியம், தபேலா. பின்பாட்டுக்காரர் வெறும் ஒத்துப் பாடுபவராக இருந்தால் பாதி லாபம் போய்விடும். கூட்டத்தில் இருப்பவர் மனதில் எழும் கேள்வியை அவர் கேட்க வேண்டும்: "ஏனுங்க, ஞானஸ்நானம் எடுக்கறதுக்கெல்லாமா உசிரை எடுப்பாங்க?" இந்த ஒரு கேள்வியால் கதை சொல்பவருக்கு ஐந்து நிமிட விளக்கத்துக்கு வழி திறக்கிறது. கேள்விகளை ஒத்திகையிலேயே எழுதி முடித்துவிடுங்கள். பன்னிரண்டு கேள்விகளுக்கு மேல் வேண்டாம்.

உடுக்கை சேர்க்கலாமா என்று கேட்பார்கள். நன்றாக இருக்கும். ஆனால் சில சபைகளில் மூத்தவர்களுக்கு உடுக்கைச் சத்தம் கோவில் பூசையை நினைவுபடுத்தும். நடுவில் எழுந்து போய்விடுவார்கள். ஆயரிடமும் மூப்பர்களிடமும் முன்கூட்டியே கேளுங்கள். தயக்கம் தெரிந்தால் டோலக் வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 80 நிமிடம். ஆரம்பப் பாட்டும் அறிமுகமும் 4, மடத்து வாழ்வு 8, 1525ஆம் ஆண்டின் கொந்தளிப்பு 10, தறியும் கிராமப் பிரசங்கமும் 7, ஸ்ட்ராஸ்பூர்க் 5, ஷ்லைட்ஹைம் 13, கைதும் கடிதமும் 6, விசாரணை 20, மரணம் 4, மார்கரேத்தா 3. இதில் பாட்டுகளுக்கு ஏறத்தாழ 22 நிமிடம் போகும். மீதி 58 நிமிடப் பேச்சு. நிறுத்தி நிதானமாகச் சொன்னால் நிமிடத்துக்கு 90 சொற்கள். ஆக 5,200 சொற்களுக்குள் பிரதி நிற்க வேண்டும். ஏழாயிரம் சொல் எழுதிவிட்டு வேகமாகப் பேசிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் விசாரணை முடிவதற்குள் மணி எட்டே கால் ஆகிவிடும், தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அயல் பெயர்கள் பத்துக்கு மேல் மேடையில் ஒலிக்கக் கூடாது. சாட்லர், மார்கரேத்தா, சூரிச், மான்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க், பூட்சர், ஷ்லைட்ஹைம், ரோட்டன்பர்க் போதும். இரண்டு இடம் மிச்சம். ஷ்லைட்ஹைம் என்பதை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உச்சரிக்க வேண்டும். நான்கு பேரும் நான்கு விதமாகச் சொன்னால் கேட்பவர்கள் நான்கு ஊர் என்று நினைப்பார்கள்.

பேச்சு நடையைப் பற்றி ஒரு சொல். கதை சொல்பவர் கொங்குப் பேச்சிலேயே சொல்லலாம், சொல்லவும் வேண்டும். சாட்லரின் பதில்களை மட்டும் தெளிவான பொதுத் தமிழில், அடைமொழி இல்லாமல் சொல்லுங்கள். நடை மாறும் அந்த இடத்திலேயே கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

தறிக்காட்சி

இது நமக்கென்றே அமைந்த காட்சி. பவானி, சென்னிமலை, சிவன்மலை, சோமனூர் எங்கே போட்டாலும் முன்வரிசையில் தறி தெரிந்தவர்கள் இருப்பார்கள். இலத்தீன் படித்த துறவி, மடத்தின் நிலபுலன்களைப் பார்த்துக்கொண்டவர், ஒரு குடியானவர் வீட்டில் உட்கார்ந்து நூல் அறுந்தால் முடிபோடக் கற்றுக்கொள்கிறார். இதை ஏழு நிமிடத்துக்குச் சொல்ல விஷயம் உண்டு.

தாளம் திஸ்ர நடையில். மிதி, எறி, அடி: மிதியை மிதிப்பது, நாடாவை எறிவது, பலகையை அடிப்பது. தபேலாக்காரர் "தகிட தகிட" என்று மூன்று மூன்றாகப் போட, கதை சொல்பவர் கைச்சைகை மட்டும் காட்டினால் போதும், மேடையில் தறி வேண்டாம். சைகையில் கவனம்: கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டும் முறை 1733இல்தான் வந்தது. சாட்லர் காலத்து நெசவாளி நாடாவை வலக்கையால் எறிந்து இடக்கையால் பிடிப்பார், பிறகு மாற்றி எறிவார். கயிறு இழுக்கும் சைகை காட்டினால் நெசவாளிகள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதோடு உங்கள் மற்றச் செய்திகளின் மேலும் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். இந்தத் தாளத்தையே பின்னால் பின்ஸ்டார்ஃப் சிறையில் கடிதம் எழுதும் இடத்தில் மெதுவாக, ஆர்மோனியம் இல்லாமல், மறுபடி போடலாம். அந்தக் கடிதம் சபையாரை அன்பில் உறுதியாக நிற்கச் சொல்கிறது. கோபம் இல்லாத கடிதம். அதன்படி குரலை வையுங்கள்.

ஏழு தீர்மானங்களைச் சொல்வது

ஞானஸ்நானம், சபை விலக்கு, அப்பம் பிட்குதல், உலகத்தின் தீமையிலிருந்து பிரிந்து நிற்றல், சபையின் மேய்ப்பர், வாள், ஆணை. ஏழும் இதுதான். ஏழையும் பட்டியலாக வாசித்தால் மூன்றாவதிலேயே கவனம் போய்விடும். பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் எட்டு அல்லது பன்னிரண்டு பேர் கும்மியாக அடித்தால் ஐந்து நிமிடத்தில் ஏழு கண்ணிகளும் முடியும். ஒரு தீர்மானத்துக்கு ஒரு கண்ணி. பெண்களை மேடைக்கு ஏற்ற வேண்டாம், கீழேயே வட்டம் போடட்டும். கண்ணியின் கடைசி அடி ஏழிலும் ஒன்றாக இருந்தால் இரண்டாவது கண்ணியிலிருந்து சபையும் கூடப் பாடும்.

கும்மிக்குப் பிறகு எட்டு நிமிடம் விளக்கம். நான்கை விளக்க வேண்டும். மற்ற மூன்றைக் கும்மியோடு விட்டுவிடலாம்.

ஞானஸ்நானத்தைப் பேசும்போது தெளிப்பதா, முழுக்குவதா என்ற சண்டைக்குள் இறங்காதீர்கள். உங்கள் கூட்டத்தில் தென்னிந்தியத் திருச்சபையார் இருப்பார்கள், லுத்தரன் சபையார், பெந்தெகொஸ்தேக்காரர், சேந்தமங்கலம் கொல்லிமலைப் பக்கமானால் பாப்டிஸ்டுகளும் இருப்பார்கள். சூரிச்சில் அந்த முதல் இரவில் தண்ணீர் ஊற்றித்தான் கொடுத்தார்கள். சில வாரங்களில் வொல்ஃப்காங் ஊலிமான் என்பவர் ரைன் நதியில் முழுக்கு எடுத்தார். இரண்டையும் அவர்கள் ஏற்றார்கள். தண்ணீர் எவ்வளவு என்பது அவர்களுடைய கேள்வியே இல்லை. யார் பெறுவது என்பதுதான் கேள்வி. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துச் சொன்னால் சண்டை எழாது.

சபை விலக்கு நம் பக்கத்தில் ஆபத்தான சொல். ஊர் விலக்கு, தண்ணி எடுக்கத் தடை, கடையில் சாமான் கொடுக்காமை என்று சாதியின் பெயரால் பட்ட காயம் கூட்டத்தில் பலர் வீட்டில் இருக்கும். விளக்கம் இல்லாமல் "விலக்கினார்கள்" என்றால் சாட்லரை ஊர்ப் பஞ்சாயத்தாரோடு சேர்த்துவிடுவார்கள். ஷ்லைட்ஹைம் சொல்வது மத்தேயு 18இல் உள்ள முறை: தவறியவரிடம் இரண்டு தடவை தனியாகச் சொல்வது, மூன்றாவது தடவை சபையின் முன் சொல்வது, அதற்கும் மேல் கேட்காவிட்டால் திருவிருந்தில் சேர்க்காமல் இருப்பது. அடி இல்லை, அபராதம் இல்லை, வீடும் நிலமும் தொடப்படுவதில்லை, பிறப்பைப் பற்றிய பேச்சே இல்லை. அந்நாளில் தவறான விசுவாசத்துக்கு அரசாங்கம் கொடுத்தது மரணம். அவர்கள் வைத்துக்கொண்டதோ இவ்வளவுதான். இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்லுங்கள்.

வாள்: அரசாங்கம் வாள் ஏந்துவது கடவுளின் ஒழுங்கு, ஆனால் அது கிறிஸ்துவின் பூரணத்துக்குப் புறம்பானது; ஆகவே கிறிஸ்துவைப் பின்பற்றுகிறவன் அதை எடுப்பதில்லை. இவ்வளவுதான் அவர்கள் நிலை. அரசையே வேண்டாம் என்றவர்களாக அவர்களைக் காட்டினால் தவறு.

ஆணைக்கு அதிக நேரம் கொடுங்கள், ஏனென்றால் விசாரணை இதில் தொங்குகிறது. "சத்தியம் பண்ண மாட்டேன்னா அதுக்கு ஏனுங்க கோர்ட்டு?" என்று பின்பாட்டுக்காரர் கேட்கட்டும். அந்நாளைய நகரங்களில் குடிகள் எல்லாரும் கூடி நின்று நகரத்துக்கு ஆணையிட்டுக் கொடுப்பார்கள். படைக்கு வருவது, வரி கொடுப்பது, ஆட்சியாளருக்குக் கீழ்ப்படிவது எல்லாம் அந்த ஆணையில் கட்டுண்டிருந்தது. ஆணையிட மறுத்தவன் நகரத்தின் ஒழுங்கையே மறுத்தவனாக எண்ணப்பட்டான். சாட்லருக்கு ஆதாரம் மத்தேயு 5: ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. நம் கிராமங்களில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வதன் கனம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் இந்த இடம் கூட்டத்துக்கு உடனே பிடிபடும். இன்று இந்தியாவில் 1969ஆம் ஆண்டு ஆணைகள் சட்டப்படி நீதிமன்றத்தில் ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி சொல்லலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதரின் மரணத்துக்குக் காரணமான ஒன்று இன்று சட்டம் தரும் உரிமை.

விசாரணை: இருபது நிமிடம்

தலைமை வகித்தவர் சோலர்ன் பிரபு யோவாகிம். இருபத்து நான்கு நடுவர்கள். குற்றஞ்சாட்டியவர் என்சிஸ்ஹைம் நகர எழுத்தர் எபர்ஹார்ட் ஹோஃப்மான். பெயர்கள் மேடையில் வேண்டாம். "பிரபு", "எழுத்தர்" என்றால் போதும். பின்பாட்டுக்காரரே எழுத்தர் குரலையும் எடுக்கட்டும். இதுவரை கூட்டத்தின் சார்பில் கேள்வி கேட்ட குரல் இப்போது குற்றஞ்சாட்டும் குரலாக மாறுவது மிக வலுவாக வேலை செய்யும். ஆனால் இடம் மாறி நின்று, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஆள் மாறியது தெரியும்படி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் குழப்பம்.

குற்றச்சாட்டுகள் ஒன்பது. ஏழு எல்லார் மேலும், இரண்டு சாட்லர் மேல் மட்டும். ஒன்பதையும் ஒரே மூச்சில், தபேலா ஒற்றை அடியோடு, எழுத்தர் படிக்கட்டும்: பேரரசரின் கட்டளையை மீறினார்கள்; திருவிருந்தில் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் இல்லை என்றார்கள்; குழந்தை ஞானஸ்நானம் இரட்சிப்புக்கு உதவாது என்றார்கள்; நோயில் பூசுதலை மறுத்தார்கள்; தேவமாதாவையும் புனிதரையும் அவமதித்தார்கள்; அதிகாரிகளுக்கு ஆணையிடக் கூடாது என்றார்கள்; திருவிருந்தில் புது வழக்கம் தொடங்கினார்கள்; சாட்லர் துறவைவிட்டு மணந்தார்; துருக்கியர் வந்தால் எதிர்க்கக் கூடாது என்று சாட்லர் போதித்தார். பதில்களில் மட்டும் நான்கைப் பிடியுங்கள்.

முதல் பதில்: பேரரசரின் கட்டளை லுத்தருடைய போதனையைத் தடுக்கிறது, சுவிசேஷத்தைப் பின்பற்றச் சொல்கிறது, நாங்கள் அதைத்தானே செய்தோம் என்று சட்டத்தையே எடுத்துக் காட்டுகிறார். படித்த மனிதரின் பதில். குரலில் நிதானம் வேண்டும்.

மாதாவைப் பற்றிய பதிலைத் தவறவிடாதீர்கள். கருமத்தம்பட்டி பக்கம் போட்டால் கூட்டத்தில் கத்தோலிக்கர் நிச்சயம் இருப்பார்கள். தேவமாதாவை நாங்கள் ஒருபோதும் நிந்தித்ததில்லை, பெண்களுக்குள் அவர் பாக்கியம் பெற்றவர், ஆனால் பரிந்து பேசுபவர் கிறிஸ்து ஒருவரே என்றார் சாட்லர். முன்பாதியை விழுங்கிவிட்டுப் பின்பாதியை உரக்கச் சொல்பவர்கள் உண்டு. அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

மடத்தைவிட்ட காரணத்துக்கு, துறவிகளின் ஆடம்பரம், வட்டி, ஒழுக்கக்கேடு ஆகியவற்றைக் கண்டேன் என்கிறார். ஒரு வாக்கியம் போதும்.

கடைசிக் குற்றச்சாட்டுதான் நீதிமன்றத்தை உலுக்கியது. 1526 ஆகஸ்ட் 29 அன்று மோஹாச் போரில் ஹங்கேரி மன்னர் துருக்கியரிடம் தோற்று இறந்தார். அடுத்த ஒன்பதாம் மாதத்தில் இந்த விசாரணை. ரோட்டன்பர்க்கை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்து வாசலில் போர் நிற்கிறது. இந்தப் பின்னணியை முதலில் சொல்லாமல் பதிலுக்குப் போனால் ஒன்றும் விளங்காது. சாட்லர் மறுக்கவில்லை: துருக்கியர் வந்தால் எதிர்க்கலாகாது, "கொலை செய்யாதிருப்பாயாக" என்று எழுதியிருக்கிறது, ஜெபத்தால் எதிர்ப்போம் என்கிறார். அதற்கும் மேலே போய், போர் சரியானால் துருக்கியருக்கு எதிராகப் போவதைவிட, கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டு பக்தரைத் துன்புறுத்துபவர்களுக்கு எதிராகப் போவேன் என்கிறார். துருக்கியர் கிறிஸ்தவ விசுவாசம் அறியாதவர், நீங்களோ அறிந்தவர் என்பது அவர் காரணம். துருக்கியரைப் பூதமாக வருணிப்பதற்கு இங்கே இடமே இல்லை. பக்கத்து வீட்டு இஸ்லாமியர் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சாட்லரின் கூர்மை முழுவதும் தன் எதிரே உட்கார்ந்திருந்த கிறிஸ்தவர்களை நோக்கியே இருந்தது.

பிறகு நடுவர்களை "தேவ ஊழியரே" என்று விளித்து, எந்த மொழியில் உள்ள வேதாகமத்தோடு வேண்டுமானாலும் கற்றவர்களை அழையுங்கள், தவறு என்று காட்டினால் திருந்துகிறோம் என்று கேட்கிறார். நடுவர்கள் சிரித்தார்கள். உன்னோடு தூக்குக்காரன்தான் தர்க்கம் செய்வான் என்கிறார் எழுத்தர். இவ்விடத்தில் தபேலாவும் ஆர்மோனியமும் முழுக்க நிற்க வேண்டும். நடுவர்கள் ஒன்றரை மணி நேரம் உள்ளே போயிருந்ததாகப் பதிவு. பத்து விநாடி மௌனம் விடுங்கள். பழகாதவர்கள் மூன்றாவது விநாடியிலேயே பேசிவிடுவார்கள், ஒத்திகையில் கடிகாரம் வைத்துப் பழகவும்.

மரணமும் மார்கரேத்தாவும்

நாக்கை வெட்டி, வண்டியில் கட்டி, பழுக்கக் காய்ச்சிய குறடால் உடலைக் கிழித்து, எரிக்க வேண்டும் என்பது தீர்ப்பு, நிறைவேறியது. இவ்வளவு போதும். சைகை வேண்டாம், அலறல் வேண்டாம், தீப்பந்தம் அறவே வேண்டாம். தென்னங்கீற்றுப் பந்தலுக்குக் கீழே மே மாதக் காற்றில் ஒரு பொறி போதும்.

சாட்லர் தம் தோழர்களிடம் முன்பே ஓர் அடையாளம் சொல்லியிருந்தார்: வேதனையைத் தாங்க முடிந்தால் விரல்களை உயர்த்துவேன் என்று. கட்டியிருந்த கயிறு எரிந்து அறுந்தபோது இரு ஆள்காட்டி விரல்களையும் உயர்த்தினார். இந்தச் சைகையை மட்டும் கதை சொல்பவர் செய்யலாம், ஒரே ஒரு முறை. நேரில் பார்த்து எழுதி வைத்தவர்களில் ஒருவர் கிளாவுஸ் ஃபான் கிராஃபெனெக் என்ற பிரபு. அவர் அனபாப்டிஸ்டு அல்ல என்பதைச் சேர்த்துச் சொன்னால் செய்தியின் பலம் கூடும்.

மார்கரேத்தாவை மறந்துவிடும் பிரதிகள் அதிகம். அவரைத் திருப்ப முயன்றார்கள், அவர் மறுத்தார், சாட்லர் இறந்த சில நாளில் நெக்கர் நதியில் மூழ்கடித்தார்கள். மூன்று நிமிடத்தை ஒரு பெண் குரல் சொல்லட்டும், கும்மியடித்தவர்களில் ஒருவர் வட்டத்திலிருந்து எழுந்து நின்று. பாட்டு வேண்டுமானால் முகாரியைத் தவிர்த்து ஆனந்தபைரவியில் அமையுங்கள். ஏற்கெனவே கனத்திருக்கும் கூட்டத்தை ஒப்பாரிக்குள் தள்ள வேண்டியதில்லை.

யாரைக் குற்றம் சொல்வது

சாட்லரைக் கொன்றது கத்தோலிக்க ஆட்சி. ஆனால் 1527 ஜனவரி 5 அன்று ஃபெலிக்ஸ் மான்ஸை லிம்மாட் நதியில் மூழ்கடித்தது சீர்திருத்த நகரமான சூரிச். 1529இல் ஸ்பையர் நகரில் கூடிய பேரரசு மன்றம் மறுஞானஸ்நானத்துக்கு மரணம் என்று கட்டளையிட்டபோது கத்தோலிக்க, லுத்தரன் பிரபுக்கள் இரு சாராரும் ஒப்பினார்கள். மறுபுறம், சாட்லரோடு ஒத்துப்போகாத பூட்சரே அவர் இறந்தபின் அவரைக் கடவுளின் அன்பான நண்பர் என்று எழுதினார். ஒரு சபையை வில்லனாக்கும் பிரதி சரித்திரத்துக்கும் பொருந்தாது, கூட்டத்தையும் உடைக்கும். 2004இல் சூரிச் சீர்திருத்தச் சபையும், 2010இல் ஸ்டுட்கார்ட்டில் கூடிய லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் அனபாப்டிஸ்டு வழிவந்தோரிடம் மன்னிப்பு வேண்டியதை அறிமுகத்திலேயே சொல்லிவிட்டால் மாலை முழுவதும் காற்று இலகுவாக இருக்கும்.

இடம், ஒலி, சாப்பாடு

சோமனூர், பல்லடம் போன்ற இடங்களில் விசைத்தறிச் சத்தம் மெல்லிய குரலை விழுங்கும். விசாரணையின் மௌனம் அங்கே எடுபடாது. ஆலயத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது தறி நிறுத்தும் நாளைப் பாருங்கள். திறந்த வெளியானால் கோடை மழையை எண்ணி உள்ளே மாற்றும் ஏற்பாடு தயாராக இருக்கட்டும். கழுத்து மைக் இரண்டு, ஆர்மோனியத்துக்கும் தபேலாவுக்கும் தண்டு மைக் ஒவ்வொன்று. ஒலிபெருக்கி அனுமதி வாங்கிவிடுங்கள். இரவு 10 மணிக்குமேல் வெளியில் ஒலிக்கக் கூடாது. 6.45க்குத் தொடங்கினால் 8.05க்கு முடியும். அதன்பின் அரிசிம்பருப்புச் சோறு போடுவதானால் நூறு பேருக்கு அரிசி 11 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ கணக்கு சரியாக வரும்.

சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேரம் கேள்விக்கு விடலாம். இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். மியூன்ஸ்டர் நகரில் அனபாப்டிஸ்டுகள் வாளெடுத்து ஆட்சி பிடிக்கவில்லையா? பிடித்தார்கள், 1534–35இல். சாட்லர் இறந்து ஏழு ஆண்டுக்குப் பின், ஷ்லைட்ஹைமின் ஆறாம் தீர்மானத்துக்கு நேர் எதிராக நடந்தது அது. அவர்கள் வழியில் இன்று யார்? மென்னோனைட்டுகள், ஆமிஷ், ஹட்டரைட்டுகள். இந்தியாவில் தெலங்கானாவிலும் சத்தீஸ்கரிலும் மென்னோனைட்டுச் சபைகள் இருக்கின்றன.

ஓய்வுநாள் பள்ளிக்கு 35 நிமிடத்தில் சொல்ல வேண்டுமானால் மடத்தையும் ஸ்ட்ராஸ்பூர்க்கையும் ஒவ்வொரு வாக்கியத்தில் தாண்டுங்கள், 1525ஐ இரண்டு நிமிடமாக்குங்கள், கும்மியில் ஞானஸ்நானம், வாள், ஆணை மூன்று கண்ணி மட்டும் வையுங்கள். தறி அப்படியே இருக்கட்டும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். விசாரணையில் துருக்கியர் பற்றிய பதிலையும், வேதாகமத்தோடு வாருங்கள் என்ற அழைப்பையும் விட்டுவிடக் கூடாது. தீர்ப்பின் விவரத்தைப் பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "அவரைக் கொன்றுவிட்டார்கள், மார்கரேத்தாவையும்" என்றால் போதும்.